இரண்டாவது மிதி

திங்கட்கிழமை காலை, முதல் வண்டி அழுக்குத்துணி வந்து இறங்குவதற்கு முன்பே, பூதக்கண்ணாடி சோப்புத்தூள் நிறுக்கிற தராசில் ஒரு சாஃப்ட்பால் பந்தை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள். முள் நூற்றுத் தொண்ணூறு கிராமில் வந்து நின்றது. பந்தை எடுத்து, தராசின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி வைத்தாள். அதே நூற்றுத் தொண்ணூறு.

பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பந்தையும் வெளுக்கப் போறியா?”

“இது அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரங்க பந்து. நேத்து மேட்ச் முடிஞ்சதும் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். எடை கம்மியா இருக்குமோன்னு பாத்தேன்.”

“கம்மியா இருக்கா?”

“இல்ல. சரியாத்தான் இருக்கு. அதுதான் இடிக்குது.”

“சரியா இருந்தா என்ன இடிக்கும்?”

“எல்லாம் சரியா இருந்துக்கிட்டு, பந்து மட்டும் சீக்கிரம் வந்தா இடிக்காதா?”

பாய்லர்காரர் வந்த வழியே திரும்பிவிட்டார். அவளிடம் பேச்சுக் கொடுத்தால் அடுத்து தன் பாய்லரையே நிறுத்துப் பார்ப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

பூதக்கண்ணாடி என்பது லாண்டரியில் வைத்த பெயர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகள் அங்கே வெந்து, அலசி, பிழிந்து, சூடான உருளைகளுக்குள் புகுந்து மொறமொறவென்று வெளியே வரும். வந்ததும் இவள் மேஜையில் விழும். மேஜைக்கு அடியில் விளக்கு. விரிப்பைப் பரப்பி இரண்டு பக்கமும் பார்ப்பாள். துரு, மருந்து, காபி, ரத்தம், எதுவாக இருந்தாலும், கடுகளவு இருந்தாலும், விரலை வைத்துவிடுவாள். பதினாலு வருஷமாக அவள் தாண்டிப் போன கறை ஒன்றுகூட இல்லை என்பார்கள். அந்தக் கண்ணை வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் பிழைத்திருப்பாள். அவளோ கடையில் வாங்கிய முட்டையை வாசலிலேயே எண்ணுவாள். வேகவைத்த பிறகும் எண்ணுவாள். கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டாள். அது சரியாகவே இருந்தது. அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள்தான். ஒரு தடவை சந்தேகம் பலித்துவிட்டால் மனுஷிக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேறு ஆள். அந்த ஊர்த் தொழிற்சாலைகளின் பெண்களுக்கு சாஃப்ட்பால் லீக் ஒன்று உண்டு. லாண்டரி அணிக்கு இவள்தான் கேப்டன். பத்து வருஷமாக அவள் மட்டையை எடுத்தால் எதிரணி நாலடி பின்னால் போய் நிற்கும். இந்த வருஷம் அந்தக் கதை மாறியது. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் புதிதாக வந்த பிட்ச்சர், அதாவது பந்து எறிகிறவள், அவளைத் தொடர்ந்து ஐந்து தடவை வெறும் மட்டை வீச வைத்து வெளியே அனுப்பினாள். அந்தப் பிட்ச்சர் வேறு யாருமல்ல. பூதக்கண்ணாடியின் அண்ணன் மகள். வயது பத்தொன்பது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, காலையில் குளியலறைக்கு ஒரே வரிசை.

அவமானத்தோடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் லாண்டரியில் கிழிசல் தைக்கிற தையல்காரி மட்டையோடு நின்றபோது அந்தப் பெண் எறிந்த பந்து அவள் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல் முறிந்தது. தையல்காரி இப்போது மாவுக்கட்டோடு பூதக்கண்ணாடியின் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நீ கோட்டைத் தாண்டி ரொம்ப முன்னால போய் நின்னிருப்பே,” என்று பூதக்கண்ணாடி முதலில் அவளையேதான் சந்தேகப்பட்டிருந்தாள்.

“இல்லக்கா. எப்பவும் நிக்கிற இடம்தான். ஒதுங்கலாம்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துருச்சு.”

சூப்பர்வைசர் அன்று மதியம் மேஜைக்கு வந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. லாண்டரிக்கும் அட்டைப்பெட்டிக்கும்தான்.

“இந்த ஒரு மேட்ச் பாக்கலாம்மா. சரியா வரலைன்னா அடுத்த வருஷம் உன் இடத்துல சின்னப் பொண்ணு யாரையாவது போட்டுக்கலாம். கோவிச்சுக்காதே. எல்லாருக்கும் வயசாகுதில்ல.”

முப்பத்தெட்டு வயது அவளுக்கு. பந்து தப்பானதா, தான் கிழவியாகிவிட்டோமா? இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் விரிப்பு அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். பந்து எறிகிறவள் மிதித்து நிற்கும் வெள்ளைப் பலகைக்கும் அடிக்கிறவள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் நாற்பத்துமூன்று அடி இருக்க வேண்டும். இருந்தது. ஞாயிறுதோறும் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவளுடைய அண்ணன்தான்; மோட்டார் பம்ப் ரிப்பேர் பார்க்கிறவர், ஓய்வு நாளில் சும்மா இருக்கத் தெரியாதவர். மகளுக்காகப் பலகையை ஒரு சாண் முன்னால் நகர்த்தியிருப்பாரோ என்று கூடப்பிறந்தவரையே அளந்து பார்த்தாள். இரண்டு தடவை அளந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அது வெடித்தது. அண்ணி அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை ஒட்டும் மெஷினில் வேலை செய்பவள். எவ்வளவு தேய்த்தாலும் விரல் நுனிகளில் பசைப்பொருக்கு இருக்கும். அதைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“பந்தை எடை போட்டியாமே?”

பூதக்கண்ணாடி சோற்றைப் பிசைந்தாள். “யார் சொன்னது?”

“ஊரே சொல்லுது. இன்னைக்கு மைதானத்தையும் அளந்தியாமே. உங்க அண்ணன் கோடு போட்ட மைதானத்தை.”

அண்ணன் தலையைத் தூக்கினார். “நிஜமாவா? என்னையுமா?”

“உன்னைச் சந்தேகப்படலைண்ணே. டேப்பைத்தான் சரி பாத்தேன்.”

“பேச்சைப் பாரு,” என்றாள் அண்ணி. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எம் பொண்ணு பந்து உனக்கு அடிக்க வரலை. அதைச் சொல்ல வாய் வரலை.”

“அண்ணி, அந்தத் தையக்காரிக்கு ரெண்டு விரல் போச்சு.”

“விளையாட்டுன்னா அடிபடாதா? நீ அடிச்ச பந்துல எத்தனை பேருக்கு மூக்கு உடைஞ்சிருக்கு?”

அண்ணன் மகளும் கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை அத்தையின் தட்டில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அத்தை, நான் ஏமாத்துறேன்னு நினைக்கிறியா?”

“நான் எதையும் நினைக்கலை குட்டி. எது உதைக்குதுன்னு பாக்கிறேன்.”

“பத்து வருஷமா பக்கத்துச் சந்துல என் பந்தைப் பிடிச்சது நீதானே? ஏமாத்தியிருந்தா உனக்குத்தானே முதல்ல தெரிஞ்சிருக்கும்?”

பூதக்கண்ணாடி தட்டைப் பார்த்தாள். அந்த மஞ்சள் கருவைச் சாப்பிடாமல் எழுந்தால் சண்டை பெரிதாகும் என்று சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

மிச்சம் இருந்தது அவள் கண்தான். புதன்கிழமை காலை யாருக்கும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைசி வரிப் பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தாள். “உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம்மா,” என்றார் கடைக்காரர். கண்ணாடி விற்கிறவனே கண்ணாடி வேண்டாம் என்கிறான் என்றால் அதிலும் ஏதோ இருக்கிறது என்று இன்னொரு கடைக்கும் போனாள். அங்கேயும் வேண்டாம் என்றார்கள்.

அன்று பிற்பகல் ஒரு பாட்டம் மழை பெய்து வெறித்தது. லாண்டரிச் சங்கு ஊதியதும் அவள் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்கு நடந்தாள். அட்டைப்பெட்டிப் பெண்கள் பயிற்சி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை சுவரோரம் நின்றாள். பிறகு பலகைக்கு முன்னால் போய்க் குனிந்தாள்.

மழை நனைத்த செம்மண் மெத்தென்று இருந்தது. அண்ணன் மகள் ஒருத்திதான் அங்கே பந்து எறிந்திருக்கிறாள். அந்த ஷூத் தடம் தவிர வேறு தடம் இல்லை. பலகையை ஒட்டி, உந்திய இடத்தில் ஒரு குழி. அது இருக்க வேண்டியதுதான். அங்கிருந்து ஒரு எட்டு முன்னால், பெருவிரல் அழுத்தமாக இறங்கிய இன்னொரு குழி. அது இருக்கக் கூடாதது.

பூதக்கண்ணாடி மண்டியிட்டு அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முதல் குழியைவிட ஆழம். கறை தானாக வராது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். பிட்ச்சர் பலகையிலிருந்து ஒரு தடவைதான் உந்தலாம். உந்திய கால் மண்ணை உரசிக்கொண்டு பின்னால் வரலாம். நடுவில் அதைத் தரையில் ஊன்றி இன்னொரு தடவை உந்தினால் அது செல்லாது; ஏனென்றால் பந்து புறப்படுகிற இடம் ஒரு எட்டு கிட்டே வந்துவிடுகிறது. அதை ரெண்டு மிதி என்பார்கள் அந்த லீக்கில். அடிக்கிறவள் நாற்பத்துமூன்று அடி என்று நம்பி நிற்கிறாள். பந்து நாற்பதிலிருந்து வருகிறது. கண் இமைக்கிற நேரத்தில் கால்வாசிகூட இல்லை அந்த வித்தியாசம். விரல் முறிய அது போதும்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ‘நான் கிழவி இல்லை’ என்று அந்த ஈர மண்ணில் மண்டியிட்டபடியே சத்தமாகச் சொன்னாள். அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. இந்தத் திருட்டை இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அண்ணியா, அவர்கள் கோச்சா, பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்து அவர்கள் அணியில் ஒட்டிக்கொண்ட அந்த நெட்டைச்சியா?

ஒவ்வொருத்தர் பெயராகச் சந்தேகித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவள், கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

வீட்டுக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில் அந்தச் சந்து. இந்த முனையில் கேட், அந்த முனையில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு முன்னால் பந்து பட்டுத் தெறிக்காமல் இருக்கத் தொங்கவிட்ட பழைய மெத்தை. கேட்டுக்கு முன்னால் தரையில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. பத்து வருஷத்துக்கு முன்னால் பூதக்கண்ணாடிதான் அளந்து போட்டாள். பின்னால் போனால் கேட் இடிக்கும், முன்னால் போனால் தூரம் குறையும். அந்தக் கோடு அங்கேதான் இருக்க முடியும். கோட்டுக்கு ஒரு எட்டுக்கும் குறைவான தூரத்தில் சாக்கடை குறுக்கே ஓடியது. அதன்மேல் இரும்புக் கம்பி மூடி.

ஒன்பது வயதில் பந்து எறியும்போது உரசிவந்த குழந்தையின் கால் அந்தக் கம்பிக்குள் மாட்டி, நகம் பெயர்ந்து, வீடே அல்லோலகல்லோலப்பட்டது. மறுநாளிலிருந்து தொட்டி முனையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, முகத்தில் கவசமும் கையில் தோலுறையுமாக, ஒவ்வொரு பந்துக்கும் கத்தியது யார்? “தாண்டி ஊனு குட்டி! தாண்டி ஊனு!” அண்ணியா, கோச்சா, நெட்டைச்சியா?

கத்தினாளே தவிர அந்தக் காலை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பந்து பிடிக்கிறவள் எறிகிறவளின் கையைத்தான் பார்க்க வேண்டும். காலைப் பார்த்தால் பந்து மூக்கைப் பெயர்த்துவிடும். ஊர்க் கறையெல்லாம் பார்த்த கண்ணுக்குப் பத்து வருஷமாகத் தன் கைக்கறை தெரியவில்லை. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அன்றே சொல்லிவிட வேண்டும் என்று அண்ணன் மகளைச் சந்துக்குக் கூப்பிட்டாள். மண்ணில் பார்த்ததைச் சொன்னாள். கோட்டைக் காட்டினாள், கம்பி மூடியைக் காட்டினாள். அந்தப் பெண் கைகட்டி நின்று கேட்டாள்.

“எல்லாம் உன் தப்புன்னு சொல்றே.”

“ஆமா.”

“ஆனா காலை மாத்த வேண்டியது நான்.”

“ஆமா குட்டி. உன் மேல குத்தம் இல்ல. ஆனா அந்தப் பந்து தப்பு.”

“இறுதிப்போட்டிக்கு நாலு நாள் இருக்கு. தேர்வாளர்கள் வர்றாங்கன்னு உனக்குத் தெரியும். என்னை மாநில டீமுக்கு எடுப்பாங்களான்னு பாக்க வர்றாங்க. இந்த நேரத்துல வந்து காலை மாத்துங்கிறே. எங்களுக்கு எதிரா ஆடப்போற கேப்டன் நீ.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“நீயே இதைக் கேட்டா நம்புவியா அத்தை?”

பூதக்கண்ணாடி யோசித்துப் பார்த்தாள். நம்பியிருக்க மாட்டாள். கேட்டவுடனே சொல்கிறவளின் பையைத் திறந்து பார்த்திருப்பாள்.

சத்தம் கேட்டு அண்ணியும் அண்ணனும் வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அண்ணி இடுப்பில் கைவைத்தாள்.

“எத்தனை அம்பயர் பாத்தாங்க? ஒருத்தராவது சொன்னாங்களா?”

“ஒரே அம்பயர் அண்ணி. அவர் பந்தைப் பாப்பாரா, காலைப் பாப்பாரா?”

“புலி வருது புலி வருதுன்னு இத்தனை வருஷம் கத்துனியே. பால்காரன் தண்ணி ஊத்துறான்னே, நான் உன் புடவையைக் கட்டுறேன்னே. இன்னைக்குப் புலின்னா எவ வருவா?”

“இன்னைக்கு நிஜமாவே வந்திருக்கு அண்ணி.”

“வந்தா வரட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமை நீ அம்பயர்கிட்ட போய் வாயைத் திறந்தே, அதுக்கப்புறம் இந்த வீட்ல உனக்கு நான் தட்டு வைக்க மாட்டேன்.”

அண்ணன் குனிந்து அந்தக் கம்பி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை நான் அப்பவே சிமெண்டு போட்டு மூடியிருக்கணும்,” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு அவரவர் போட்டுச் சாப்பிட்டார்கள். முட்டை மஞ்சள் அண்ணன் மகளின் தட்டிலேயே கிடந்து காய்ந்தது. பூதக்கண்ணாடிக்குத் தூக்கம் வரவில்லை. அம்பயரிடம் சொன்னால் வளர்த்த பிள்ளையின் வாழ்க்கையில் மண் விழும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இன்னொருத்தியின் விரலோ கண்ணோ போகும். காலையில் மேஜையில் உட்கார்ந்தால் பக்கத்தில் மாவுக்கட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் கிடந்த ஷூக்களைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா? அண்ணன் மகளின் வலது ஷூவில் முனை தேய்ந்து, தோல் உரிந்து, உள்ளே துணி தெரிந்தது. போன வாரம் அந்த முனை புதுசாக இருந்தது. எங்கேயோ, யாருக்கும் தெரியாமல், காலைத் தரையில் உரசி உரசி எறிந்து பழகியிருக்கிறாள். சட்டப்படி. இல்லை, நடந்து வரும்போது கல்லில் தேய்த்துக்கொண்டாளோ? தன்னைப் பார்க்க வைக்க வேண்டும் என்றே வாசலில் போட்டிருக்கிறாளோ? அவளால் முடிவு செய்ய முடியவில்லை. ஷூவை இருந்தபடியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று அடித்தபோதெல்லாம் மைதானத்து மண் எழும்பிக் கண்ணில் விழுந்தது. அம்பயர் வார நாட்களில் தபால்காரர். வெயில் அவருக்குப் பழக்கம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பூதக்கண்ணாடி அவரிடம் நடந்தாள். அண்ணி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முதுகிலேயே தெரிந்தது.

“சார், அவங்க பிட்ச்சர் காலைக் கொஞ்சம் கவனிங்க.”

“ரெண்டு மிதியா?”

“ஆமா.”

“அது உன் அண்ணன் பொண்ணு இல்ல?”

“ஆமா சார்.”

தபால்காரர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். “பாக்கிறேன். ஆனா பந்து உள்ளே வந்துச்சா வெளியே போச்சான்னும் பாக்கணும். ஆண்டவன் எனக்குக் குடுத்தது ரெண்டே கண்ணு.”

முதல் மூன்று ஆட்டச்சுற்றிலும் அண்ணன் மகள் காலை உரசித்தான் எறிந்தாள். ஷூ பொய் சொல்லவில்லை. ஆனால் பழைய வேகம் இல்லை. லாண்டரிப் பெண்கள் வாங்கிய கடனைத் திருப்புகிற மாதிரி அடித்தார்கள், இரண்டு ரன். நான்காவது சுற்றில் லாண்டரிப் பெண் ஒருத்தி ரன் எடுக்க மூன்றாம் தளத்தில் தயாராக நிற்க, நெருக்கடியில் அவள் கால் பழைய புத்திக்குப் போய்விட்டது. தபால்காரர் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

“ரெண்டு மிதி! பந்து செல்லாது!”

அடிக்கிறவளுக்குச் சாதகமாக அதை ஒரு ‘பால்’ என்று கணக்கில் சேர்த்தார். அடுத்த பந்திலும் அதேதான். அட்டைப்பெட்டிப் பெண்கள் கூச்சல் போட்டார்கள். தேர்வாளர்கள் இரண்டு பேர் குனிந்து எதையோ எழுதினார்கள். அண்ணன் மகள் அம்பயரைப் பார்க்கவில்லை. நேராக அத்தையைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் செய்தது தப்பு என்றாகிவிடும்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பிடிவாதமாகக் காலை உரசினாள். அழுகையை விழுங்கிக்கொண்டு எறிந்தாள். ஐந்தாவது, ஆறாவது சுற்றில் பந்து மெல்ல மெல்லச் சூடு பிடித்தது. உரசல் கோடு நீண்டது. அட்டைப்பெட்டிக்காரர்கள் மூன்று ரன் எடுத்து முந்தினார்கள்.

கடைசிச் சுற்று. லாண்டரிக்கு இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் தளங்களில் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் கோப்பை லாண்டரிக்கு. மட்டை பூதக்கண்ணாடியிடம் வந்தது. மாவுக்கட்டுத் தையல்காரி ஓரத்தில் எழுந்து நின்றாள். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டார்.

முதல் பந்து. பூதக்கண்ணாடியின் கண் தானாக அந்தக் காலுக்குப் போனது. கால் பலகையை விட்டது, மண்ணை உரசியது, ஊன்றவில்லை. சுத்தம். நிமிர்வதற்குள் பந்து கேட்ச்சரின் கையில் சொத்தென்று விழுந்தது. ஸ்ட்ரைக் ஒன்று; மூன்று ஆனால் அவுட்.

இரண்டாவதில் பந்தைப் பார்க்கலாம் என்று நினைத்தாள். ஆனால் முதலில் நேர்மையாகப் போட்டு இரண்டாவதில் ஏமாற்றுவதுதானே உலக வழக்கம்? காலைத்தான் பார்த்தாள். சுத்தம். ஸ்ட்ரைக் இரண்டு.

மூன்றாவதில் பந்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். காற்று அடித்தது, மண் எழும்பியது. பதினாலு வருஷப் பழக்கம் பல்லைக் கடித்தால் போய்விடுமா? கண் குனிந்தது. கால் அந்தச் செம்மண்ணில் ஒரு நூல் பிசகாமல் உரசிக்கொண்டு வந்தது. மட்டையை வீசினாள். பந்து அதற்கு முன்பே தாண்டிப் போயிருந்தது.

“ஸ்ட்ரைக் மூணு!” என்ற தபால்காரர் அடுத்த வார்த்தை சொல்லாமல் நிறுத்தினார். லாண்டரிப் பெண்கள் எல்லோரும் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள்.

“ரெண்டு மிதி சார்! நிச்சயமா ரெண்டு மிதி!”

“அப்பீல் பண்ணும்மா, கேப்டன் நீதானே!” என்று சூப்பர்வைசர் ஓரத்திலிருந்து கத்தினார். “கேளு!”

தபால்காரர் கண்ணிலிருந்த மண்ணைத் துடைத்தார். “நான் இந்தத் தடவை பந்தைத்தான் பாத்தேன், காலைப் பாக்கலை,” என்றார் பூதக்கண்ணாடியிடம். “உன் கண்ணைப் பத்தி ஊருக்கே தெரியும். நீ பாத்தியா? மிதிச்சான்னு நீ சொன்னா அந்தப் பந்தை எடுத்துடறேன். மறுபடி போடட்டும்.”

அண்ணி எழுந்து நின்றாள். எல்லோர் முகத்திலும் ஒரே சந்தேகப் பார்வை. இத்தனை வருஷம் அந்தப் பார்வை தன் முகத்தில் எப்படி இருந்திருக்கும் என்று பூதக்கண்ணாடி அப்போதுதான் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னொரு பந்து கிடைக்கும், மேஜையில் தலைநிமிர்ந்து உட்காரலாம், அடுத்த வருஷமும் கேப்டன்.

“மிதிக்கலை சார்,” என்றாள். “சரியான பந்து. நான் அவுட்.”

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார். அட்டைப்பெட்டிப் பெண்கள் குதித்துக்கொண்டு ஓடிவந்து பிட்ச்சரைத் தூக்கப் பார்த்தார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு அத்தையிடம் வந்தாள். முகமெல்லாம் மண்ணும் வேர்வையும்.

“நிஜமா மிதிக்கலையா அத்தை? எனக்கே தெரியலை.”

“மிதிக்கலை.”

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அந்தச் சுருக்கல் அத்தையிடமிருந்து வந்த சொத்து.

“வீட்ல சண்டை வேண்டாம்னு எனக்காகச் சொல்றியா?”

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மட்டையைக் கீழே போட்டாள்.

“போடி இவளே. உன் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தா, நான் காலைப் பாக்காம பந்தைப் பாத்திருக்க மாட்டேனா?”